கோணலாக உட்கார்ந்து வாசி

மகனே,

உன் மாஸ்டர் நம் கிட்டாரைத் திருடப் போகிறார். பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கப் போவது நீ. இதைச் சந்தேகம் என்று நினைத்துப் படிக்காதே. சந்தேகங்கள் எனக்கு வேறு நிறைய இருக்கின்றன, அவை பின்னால் வரும். இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

நீ எழுதியதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். மெட்ராஸில் உங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும் ஹாலில், எல்லாரையும் வைத்துக்கொண்டு மாஸ்டர் இரண்டு கிட்டார்களை ஒப்பிட்டுக் காட்டினார். நம்முடையதை நீ வாசித்தாய். அது இரைகிறது, சத்தத்தில் சதையே இல்லை, டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார். பிறகு தன்னுடைய ஜப்பான் கிட்டாரை எடுத்து அவரே வாசித்தார். துளி இரைச்சல் இல்லை, எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது, நீயே அசந்துபோனாய். சிங்கப்பூர் நிகழ்ச்சிக்கு அந்த ஜப்பான் கிட்டாரை உனக்குத் தருவதாகச் சொன்னார். நம்முடையதைப் பற்றி, "இது இங்கயே ஒரு ஓரமா கிடக்கட்டும்டா" என்றார். நீ தலையாட்டிவிட்டாய். இதற்கு நான் இரண்டு கடிதம் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். முதல் கடிதத்துக்கு அங்கே நல்ல மழை என்று பதில் எழுதினாய். இரண்டாவதற்கு, பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று எழுதினாய். அதனால்தான் இந்த மூன்றாவது கடிதத்தை நம் தொழிற்சங்கத்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். சைக்ளோஸ்டைல் மெஷினில் ஓட்டி, ஷிஃப்ட் முடிந்து டேனரி வாசலில் வருகிற எல்லார் கையிலும் கொடுப்பார்கள். உனக்கும் ஒரு பிரதி தபாலில் வரும். உன் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டால் மட்டும் யாருக்குத் தெரியாது? எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஆம்பூரில் மெட்ராஸ் ரயில் ஏறியவன் வேறு எவன் இருக்கிறான்?

முதலில் சாதாரணமான ஒன்றைக் கேட்கிறேன். உதவாத பொருளை யாராவது வாங்கி வைத்துக்கொள்வார்களா? நீ என்னோடு தோல் மண்டிக்கு வந்திருக்கிறாய். பச்சைத் தோலை வாங்க வரும் ஏஜெண்ட் அதை விரித்து வெளிச்சத்தில் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாய். "இன்னாய்யா இது, பூரா உண்ணி கடிச்சது, முதுகுல கத்தி வேற பட்டிருக்குது, மூணாம் நம்பருக்குக்கூட தேறாது" என்று முகத்தைச் சுளிப்பார். சுளித்துக்கொண்டே காலால் அந்தத் தோலைத் தன் பக்கம் தள்ளிக்கொள்வார். அதே தோல் பதனிட்டுக் கப்பலுக்குப் போகும்போது முதல் நம்பர். தோலில் இருந்த உண்ணி எங்கே போனது? வாங்குகிறவனின் வாயைப் பார்க்காதே, காலைப் பார் என்று அன்றைக்கே உனக்குச் சொன்னேன். நீ சிரித்தாய். உன் மாஸ்டரின் வாய் 'ஓரமா கிடக்கட்டும்' என்றது. அவர் கால் என்ன செய்தது என்று பார்த்தாயா?

அந்தக் கிட்டாரில் அவருக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். மரம் வேண்டாம், அது நான் மெட்ராஸில் பழைய சாமான் கடையில் எடுத்தது, கழுத்து லேசாக வளைந்தது. அவருக்கு வேண்டியது தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப். இதைப் படிக்கிற டேனரி நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வயிறு கிடையாது, தானாகச் சத்தம் வராது. தந்தி அசைவதை அடியில் இருக்கும் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். அந்தக் காந்தத்துக்கும் கம்பிக்கும் பெயர்தான் பிக்கப். மனிதனுக்குத் தொண்டை மாதிரி. நான் வாங்கிய கிட்டாரில் அது எரிந்துபோயிருந்தது. வாணியம்பாடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த சாதிக்கிடம் கொண்டுபோனேன். உனக்கு அவரை நன்றாகத் தெரியும், சாதிக் மாமா என்று கூப்பிடுவாய். அவர் அதுவரை கிட்டாரைச் சினிமா போஸ்டரில்தான் பார்த்திருந்தார்.

ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்தார். ஒரு டெலிபோனின் வயிற்றிலிருந்து முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி எடுத்தார். அந்த டெலிபோன் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கை டிரில்லை மேஜையில் இறுக்கி, காலையில் பார்த்த படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே கம்பியைச் சுற்றினார். முதல் முறை கம்பி அறுந்தது. இரண்டாம் முறை சுற்றியது கொசு மாதிரி ஙீ என்றது. மூன்றாம் முறை சுற்றியதைப் போட்டு ஒரு தந்தியைத் தட்டினேன். கடையில் வேலைக்குக் காத்திருந்த ஃபேன்களெல்லாம் கிணுகிணுத்தன. அடித் தந்தி வயிற்றில் வந்து முட்டியது. மேல் தந்தி கூசவில்லை, கண்ணாடியைத் தொட்ட மாதிரி நின்றது.

"எத்தன சுத்து சுத்துன?" என்றேன்.

"யாருப்பா எண்ணுனது? கம்பி தீர்ற வரைக்கும் சுத்துனேன்."

"ஜாஸ்தியா, கம்மியா?"

"அது வாயத் தொறந்து பேசுது இல்ல? அப்புறம் இன்னா உனக்கு?"

இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி இன்னொன்று கேட்டேன். வாரக்கணக்கில் முயற்சி செய்தார். "அதே கைதான், அதே டிரில்தான், இது ஊமையா பொறந்துடுச்சி தோஸ்த், ஒரே பேஜாரு" என்று தூக்கிப்போட்டார். அது எப்படி அமைந்தது என்று அவருக்கே தெரியாது. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குருட்டாம்போக்கில் ஒரு நல்ல தொண்டை நமக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் கிடைத்தது. வேலூரில் காலேஜ் விழாக்களுக்குப் போய் வெளிநாட்டுக் கிட்டார்களைக் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பளபளப்பான சத்தம், எல்லாம் சுத்தமாக இருக்கும். நம்முடையதில் இருந்த அந்த முரட்டுக் கனத்தை எதிலும் நான் கேட்கவில்லை. என் பிள்ளை அழகு என்று சொல்கிற தகப்பன் பேச்சு இது என்று நீ நினைக்கலாம். கொஞ்சம் பொறு.

அந்தப் பிக்கப்பில் ஒரு குறை உண்டு. ஒற்றைக் காயில், கம்பிச் சுருள் ஒன்றே ஒன்று. சுற்றி இருக்கும் கரண்டின் இரைச்சலையெல்லாம் குடிக்கும். டியூப் லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், எதுவாக இருந்தாலும் சரி. நம் வீட்டில் வேறு, சுவருக்கு அந்தப் பக்கமே டேனரி. சங்கு ஊதி, தோலைப் போட்டுச் சுழற்றும் மோட்டார் டிரம்கள் சுற்ற ஆரம்பித்தால் நம் வீட்டு ஆம்ப்ளிஃபயர் ஙொய்ய்ங் என்று கூடவே சுற்ற ஆரம்பிக்கும். சாதிக்கைத் திட்டினேன். ஒயரை மாற்றினேன். ஒருநாள் உன் அம்மா நீட்டிய காப்பியை வாங்க உடம்பைத் திருப்பியபோது சத்தம் சட்டென்று அடங்கியது. திரும்ப நேராக உட்கார்ந்தேன், இரைந்தது. அடுப்படிப் பக்கம் திரும்பினேன், அடங்கியது. அன்றிலிருந்து சுவருக்குத் தோளைக் காட்டி, அடுப்படியைப் பார்த்து, கோணலாக உட்கார்ந்துதான் வாசித்தேன்.

"இன்னாத்துக்கு என் மூஞ்சியவே பாத்துக்கினு வாசிக்கிறீங்க?" என்பாள் உன் அம்மா.

"உன் மூஞ்சியப் பாத்தாதான் சத்தம் அடங்குது."

"பாவம், அதுக்காவது பயம் இருக்குது."

நம் காலனியில் என்னிடம் வாசித்துப் பழகிய எல்லாரும் அப்படியே உட்கார்ந்தார்கள். கல்யாண வீடோ, சர்ச் விழாவோ, எங்கே போனாலும் முதலில் தந்தியைத் தொடாமல் ஒயரை மட்டும் மாட்டி, ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது போல உடம்பை மெல்லத் திருப்பி, இரைச்சல் செத்துப்போகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே நாற்காலியைப் போட வேண்டும். ஜனங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளை மேல் கோபமா என்று பெண் வீட்டார் கேட்டார்கள். நீ ஒரு சுரம் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இப்படித் திரும்பி உட்காரக் கற்றுக்கொண்டவன்.

இப்போது நீ கேட்டிராத ஒன்றைச் சொல்கிறேன். நீ அரை டிராயர் போட்டிருந்த காலம். டேனரியில் மனமகிழ் மன்றம் என்று ஒன்று வைத்து, அதில் பாட்டுக் குழு சேர்த்தார்கள். ஆண்டு விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். கிட்டாருக்கு ஒரே ஒரு இடம். தேர்ந்தெடுக்கிறவர் வெல்ஃபேர் ஆபீசர். தேர்வாகிறவனை ஸ்டோருக்கு மாற்றுவார்கள், அப்போதுதான் பழக நேரம் கிடைக்கும் என்றார்கள். நான் அப்போது சுண்ணாம்புக் குழியில் இருந்தேன். தோலில் இருக்கும் மயிரை அரித்து எடுக்கப் போடுகிற சல்ஃபைடு மனிதன் நகத்தை விட்டுவைக்காது என்று உனக்குத் தெரியும். ரப்பர் கையுறை கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். கிட்டார் வாசிக்கிறவனுக்கு இடது கை விரல் நுனி காய்த்துப்போயிருக்க வேண்டும். எனக்குக் காய்க்கும், ஊறும், உரிந்துபோகும். மறுபடி காய்க்கும், மறுபடி உரியும். ஸ்டோர் வேலை கிடைத்தால் என் விரல்கள் பிழைக்கும். அதற்காகத்தான் போனேன், மேடைக்காக இல்லை.

என்னோடு போட்டிக்கு வந்தவன் அக்கவுண்டண்ட் மகன் எட்வின். வேலூரில் காலேஜ் படித்தவன். அவனிடம் யாரோ உறவினர் கொண்டுவந்த வெளிநாட்டுக் கிட்டாரும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரும் இருந்தன. வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சூடாகிவிட்டால் சத்தம் உருண்டு திரண்டு வரும், மோசமான கிட்டாரைக்கூட மனிதனாக்கிவிடும். என் கிட்டாருக்கு மன்றத்தின் மைக் செட்டைக் கொடுத்தார்கள். புனல் ஸ்பீக்கர். நாளைக்கு லீவு, நாளன்றைக்கு லீவு இல்லை என்று கத்துவதற்காக வாங்கியது. அதில் எந்தக் கிட்டாரைப் போட்டாலும் மூக்கால்தான் பேசும். இருவரும் வாசித்தோம். ஆபீசர் சிரித்தார். "உன் கிட்டாருக்குச் சளி புடிச்சிருக்குப்பா. ஆவி புடிக்க வை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் டீ குடிக்க வராந்தாவுக்குப் போனார்.

எட்வின் கிட்டே வந்து, "அண்ணே, ஒருவாட்டி என் ஆம்ப்ல போட்டுப் பாருங்களேன்" என்றான். போட்டேன். கோணலாகத் திரும்பி உட்கார்ந்து இரைச்சலை அடக்கிவிட்டு வாசித்தேன். சாதிக் சுற்றிய அந்தக் கம்பி முதல் முறையாக ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தது. எட்வின் பாக்கெட்டில் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை, அப்படியே நின்றான். வராந்தாவிலிருந்து ஆபீசரின் குரல் வந்தது.

"எட்வின்! அதான்! அந்த சவுண்டுதான் வேணும்! இத மொதல்லயே வாசிக்கறதுக்கு இன்னா உனக்கு?"

டம்ளரோடு உள்ளே வந்தார். என் மடியில் கிட்டாரைப் பார்த்தார். சும்மா நிற்கிற எட்வினைப் பார்த்தார்.

"சார், வாசிச்சது அண்ணன்" என்றான் எட்வின்.

ஆபீசர் ஒரு வாய் டீ குடித்தார். "ஆம்ப் நல்லா இருந்தா எதப் போட்டாலும் நல்லாத்தான் கேக்கும்" என்றார்.

"அப்ப தம்பியோட கிட்டார அந்த மைக் செட்ல போட்டு வாசிக்கச் சொல்லுங்க சார்."

"இன்னாப்பா, போட்டியா நடத்திக்கினு இருக்கோம் இங்க?"

"போட்டின்னுதான் சார் நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்க."

அவர் பார்வை கிட்டாரிலிருந்து என் கைக்கு இறங்கியது. சுண்ணாம்பில் வெந்து, ஓரம் தின்னப்பட்டு, மஞ்சளும் கறுப்புமாக இருந்த நகங்கள். "பையர்ஸ் எல்லாம் முன் வரிசையில உக்காருவாங்கப்பா" என்றார். வாக்கியம் அத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு அவர் காது மேல் குறை இல்லை. வராந்தாவில் நிற்கும்போது அந்தக் காது உண்மையைத்தான் சொன்னது. உள்ளே வந்து கண்ணைத் திறந்த பிறகுதான் அது கெட்டுப்போனது. நான் எழுந்து நின்றேன். "சார், வெளிய நின்னுக்கினு ஒண்ணு சொன்னீங்களே. அதையே இங்க நின்னு, என்னப் பாத்து ஒருவாட்டி சொல்லுங்க" என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை ஜன்னலில் வைத்தார். "எட்வின், சனிக்கிழமை ரிகர்சல்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்வின் கெட்டவன் இல்லை. ஒரு வாக்கியம் உண்மை பேசினான், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், சனிக்கிழமை ரிகர்சலுக்குப் போனான். இந்த மாதிரி நல்லவர்களை நம்பி நான் எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை. உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். நான் சுண்ணாம்புக் குழியிலேயே இருந்தேன். அதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? இவ்வளவும் கண்ணெதிரே நடந்த பிறகும், அடுத்த வாரம் வாணியம்பாடிக்கு பஸ் ஏறிப் போய், "உன் காயிலுக்குச் சளி புடிச்சிருக்குதாம்" என்று சாதிக்கிடம் சண்டை போட்டேன். அவர் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "உன் காத நீயே நம்பலன்னா, நான் இன்னா சுத்தி இன்னா?" என்றார். பெரிய இடத்து வாயிலிருந்து வந்த ஒரு கேலி நம் காதுக்குள்ளேயே போய்க் குடியிருந்துவிடும். அது அங்கிருந்து நம் நண்பனையே சந்தேகப்பட வைக்கும். உன் விஷயத்தில் நான் இவ்வளவு கூச்சல் போடுவது இதனால்தான். என் விரல்கள் கடைசியில் காய்ப்பதையே விட்டுவிட்டன. அப்புறம்தான் கிட்டாரை உன் மடியில் வைத்தேன்.

இனி மெட்ராஸ் ஹாலுக்கு வருவோம். நீ வேடிக்கை என்று நினைத்து எழுதிய விஷயங்களையெல்லாம் நான் வேறு மாதிரி படித்தேன். போன மாதம் எழுதினாய்: நீ தனியாக ஒரு மூலையில் உன் வழக்கப்படி கோணலாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் பக்கத்து ரூமிலிருந்து வேகமாக வந்து, "யாருடா அது? இன்னா செட்டு அது?" என்று கேட்டார். உன்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள், தூசி துடைக்கிறேன் என்று கிட்டாரின் மூடியைக் கழற்றி, காயிலை விரலால் தொட்டுப் பார்த்து, இதை யார் சுற்றியது என்று விசாரித்தார். நீ, யாரோ மோட்டார் கடைக்காரர் என்று சொன்னாய். சாதிக் மாமா 'யாரோ' ஆகிவிட்டார், சரி. அதற்குப் பிறகுதான், கவனி, அதற்குப் பிறகுதான் எல்லார் முன்னாலும் அந்த ஒப்பீடு நடந்தது. வெளியே நின்று ரசித்தவர், உள்ளே வந்து சுளித்தார். எனக்கு இந்தக் கதை தெரியும். நான் இதில் நடித்திருக்கிறேன்.

அந்த ஒப்பீடு எப்படி நடந்தது? நீ கோணலாகத் திரும்பினாய். "இன்னாடா, கல்யாண வீட்ல கோச்சிக்கினவன் மாதிரி உக்கார்ற? ஜனங்களப் பாத்து நேரா உக்காருடா" என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய். நேராக உட்கார்ந்தாய். தலைக்கு மேல் வரிசையாக டியூப் லைட். நம் கிட்டார் இரையாமல் என்ன செய்யும்? இரைகிறது என்று ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தால் சதை எங்கே இருக்கும்? அவர் கிட்டாரில் இரட்டைக் காயில். ஒன்று குடித்த இரைச்சலை இன்னொன்று துப்பிவிடும், எப்படி உட்கார்ந்தாலும் இரையாது. அது நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை வாசிக்கும்போது குறைத்த சத்தத்தைத் திரும்ப ஏற்றினாரா இல்லையா? ஏற்றினார் என்று என் உள்மனது சொல்கிறது. கொஞ்சம் உரக்கக் கேட்பது கொஞ்சம் நன்றாகக் கேட்பது போலத் தோன்றும். ரேடியோ விற்கிற கடைக்காரனுக்குத் தெரிந்த தந்திரம் இது. உன் மாஸ்டருக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரியாதா?

இன்னொன்றும் எழுதியிருந்தாய். நீ பெட்டியைத் திறந்ததும் டிரம் வாசிக்கிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பூர் ஸ்டேஷன் வந்துடுச்சி, எறங்குங்கப்பா" என்றான். நல்ல ஜோக். அந்தப் பெட்டியை நானும் உன் அம்மாவும் கழிவுத் தோலை ஒட்டித் தைத்தோம். மெட்ராஸ் மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று. நம் கிட்டார் ஒரு சுரம் வாசிப்பதற்கு முன்பே அந்த ஹாலில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அங்கே யாரும் காதால் கேட்கவில்லை, மூக்கால் கேட்டார்கள். அந்த டிரம்காரன் காலில் போட்டிருக்கிற ஷூ எங்கே தைத்தது என்று அடுத்த தடவை கேள்.

உன் அம்மா என் பக்கம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளே சங்க ஆபீசுக்குப் போய்ச் சொல்லுவாள். "புள்ள சிங்கப்பூர் போறது உங்களுக்குப் பொறுக்கல. நீங்க போவாத ஸ்டோருக்கு அவன் போறான்னு வயித்தெரிச்சல்" என்றாள். ஷூ கம்பெனியில் நாளெல்லாம் மேல்தோல் தைத்துவிட்டு வந்து சோறு வடித்துக்கொண்டே சொன்னாள். "அந்த மனுசன் நெசமாவே நல்லவனா இருந்தா இன்னா பண்ணுவீங்க? பாவம், தன் கிட்டாரக் குடுக்கிறான்."

"நல்லவனா இருந்தா கதவுக்கு வெளிய போய் நிப்பான்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வடித்த பானையை நிமிர்த்தி வைத்தாள்.

நான் கேட்பது அவ்வளவுதான். ஒரே ஆம்ப்ளிஃபயர். ஒரே ஒயர். இரண்டு கிட்டாரும் சமமான சத்தத்தில் இருக்கட்டும். உன் காதை வைத்துச் சமமாக்கு, குமிழில் இருக்கும் எண்ணைப் பார்த்து வைக்காதே. நீயே இரண்டையும் வாசி. ஜப்பான் கிட்டாரை எப்படி வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசி, நம்முடையதைக் கோணலாக உட்கார்ந்து வாசி. மாஸ்டர் ஹாலுக்கு வெளியே, கதவைச் சாத்திக்கொண்டு நிற்கட்டும். எது உதவும், எது ஓரமாகக் கிடக்க வேண்டியது என்று அங்கிருந்து சொல்லட்டும். அந்த ஜப்பான் கிட்டாரே சிறந்தது என்று சொன்னால், நம்முடையதைக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் போ. அவரிடம் மன்னிப்புக் கேட்டு இதே பத்திரிகையில் எழுதுகிறேன், வாசலில் நின்று நானே விநியோகமும் செய்கிறேன். ஒரு நியாயமான சோதனையில் நம் கிட்டார் தோற்றால் எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. இதுவரை அதற்கு அப்படி ஒரு சோதனை நடந்ததே இல்லை.

போன சனிக்கிழமை போஸ்ட் ஆபீசில் காத்திருந்து ஹாலுக்கு டிரங்க் கால் போட்டேன். நீதான் எடுத்தாய். "அப்பா, நல்லாருக்கீங்களா, அம்மா எப்டி இருக்காங்க" என்றாய். நான் நலம் விசாரிக்கவில்லை. இரண்டு கடிதத்திலும் கேட்ட அந்த ஒன்றையே கேட்டேன். "நேரா உக்காருன்னு சொன்னாரே, அப்ப நீ ஏன் வாயத் தொறக்கல? இப்டி உக்காந்தா இரையும், திரும்பி உக்காந்தா இரையாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமேடா?" பின்னால் யாரோ தபேலா சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். லைனில் மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ரிசீவரைப் பிடித்தபடி அனிச்சையாக உடம்பைத் திருப்பிப் பார்த்தேன், அது அடங்கவில்லை. "டைம் முடியுது சார்" என்றாள் ஆபரேட்டர். நீ அப்போதும் பேசவில்லை.

ஏன் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. ஏன் கோணலாக உட்கார வேண்டும் என்று சொன்னால், சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றுகிற டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் இது என் ஊகம். மாஸ்டரைப் பற்றி நான் எழுதியதில் ஊகம் இல்லை, உன்னைப் பற்றி எழுதுவதில்தான் இருக்கிறது. அது பொய்யாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெட்டியை அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது. மழையைப் பற்றி வேண்டாம், தொண்டையைப் பற்றி வேண்டாம். உனக்குத் தெரிந்திருந்தும் அங்கே நீ ஏன் நேராக உட்கார்ந்தாய்? அதை மட்டும் சொல்.